ஷூ வாங்கப் போய் அரிக்கேன் வாங்கி வந்த கதை

கையில் இருந்தது ஐயாயிரம் ரூபாய், பஸ் காசு தனி. கோவைப் பக்கத்து வெள்ளியங்கிரி மலை ஏறுவதற்கு ஒரு நல்ல ஷூ, ஒரு ஹெட்லைட், மழைக்கோட்டு, சின்னதாக ஒரு முதுகுப்பை வாங்க வேண்டும் என்பதுதான் திட்டம். ஊர் திரும்பியபோது கையில் ஷூ இல்லை. மடியில் ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் செய்தித்தாள் சுற்றிய இரண்டு பழைய விளக்குகள். எப்படி இப்படி ஆனது என்று சொல்கிறேன். என்ன வாங்கலாம், எங்கே வாங்கலாம் என்பதையும் வரிசையாக எழுதத்தான் நினைத்திருக்கிறேன். வரிசை எவ்வளவு தூரம் தாங்குமோ தெரியாது.

கல்யாணம் ஒன்றுக்காகக் காரைக்குடி போனேன். முகூர்த்தம் காலை ஆறரைக்கே முடிந்துவிட்டது, பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது. "முனீஸ்வரன் கோயில் தெருவைப் பார்த்துட்டுப் போ" என்றான் நண்பன். அவனை இப்போதும் மன்னிக்கவில்லை.

அந்தத் தெருவுக்குப் போகாதவர்களுக்காக: செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பாகப்பிரிவினையிலும் இடிப்பிலும் உதிர்த்த சாமான்கள் எல்லாம் வந்து சேரும் இடம் அது. பர்மா தேக்குக் கதவு, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம், பளபளக்கும் எனாமல் தூக்குச்சட்டி, ஊறுகாய் ஜாடி, ஆளுயரக் குத்துவிளக்கு என்று கடை வாசல் வரை வழியும். பத்து மணிக்குத்தான் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். அதற்குள் ஒரு சின்ன மெஸ்ஸில் வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டுவிட்டேன். ஒரு டம்ளர் பச்சரிசிக்குத் தலைதட்டி, மேலே கோபுரமாக உளுந்து. அவ்வளவுதான் கணக்கு. ஒவ்வொன்றாக எண்ணெயில் ஊற்றி எடுக்கிறார்கள். ஓரம் மொறுமொறு, நடுவில் பஞ்சு. தொட்டுக்கொள்ள வரமிளகாய்ச் சட்னி, கண்ணில் தண்ணீர் வருகிற காரம். எட்டு பணியாரம், ஒரு காபி, 130 ரூபாய். பில்லைப் பார்த்ததும் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் இந்தப் பயணத்தில் வருத்தமே இல்லாமல் கொடுத்த காசு அது ஒன்றுதான்.

சரி, விளக்கு.

மூன்றாவது கடையில், உத்தரத்தில் கொக்கி போட்டு வரிசையாகத் தொங்கின அரிக்கேன்கள். பெரும்பாலும் துருவேறிய உள்ளூர்த் தகரம். நடுவில் ஒன்று மட்டும் சின்னதாக, கச்சிதமாக இருந்தது. இறக்கிக் காட்டச் சொன்னேன். கண்ணாடியில் தீச்சுடரைப் பிடித்த ஒரு கை. ஃபாயர்ஹாண்ட்! ஜெர்மன் மொழியில் நெருப்புக் கை என்றே அர்த்தம். பேபி 276 என்ற மாடல். தொட்டியில் 340 மில்லி எண்ணெய் பிடிக்கும், இருபது மணி நேரம் வரை எரியும். என் கை நடுங்கியதைக் கடைக்காரர் பார்த்துவிட்டார். அங்கேயே எனக்கு 500 ரூபாய் நஷ்டம்.

"வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு தம்பி. நூறு வருசம் இருக்கும். ரெண்டாயிரத்து ஐநூறு."

திருப்பிப் பார்த்தேன். தகரத்தில் அழுத்தி எழுதியிருந்தது: மேட் இன் டபிள்யூ. ஜெர்மனி. டபிள்யூ என்றால் வெஸ்ட். மேற்கு ஜெர்மனி என்ற நாடே 1949இல்தான் பிறந்தது. வெள்ளைக்காரன் நம்மை விட்டுப் போனது 1947இல். இதை மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னேனுங்க. அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி அந்த எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "கோயமுத்தூரா? ஆயிரத்து நானூறு குடுத்துட்டு எடுத்துக்கங்க."

அரிக்கேன் வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். கண்ணாடியிலும், திரி ஏற்றும் திருகிலும், உடம்பிலும் ஒரே கம்பெனிப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் மூன்று ஊராக இருந்தால் மூன்று விளக்கைக் கலந்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். கலப்பு விளக்கும் எரியும், ஆனால் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள். அடித்தொட்டியில் தண்ணீர் ஊற்றி, கீழே கசிகிறதா என்று பாருங்கள். ஊசி முனை ஓட்டை என்றால் ஈயப் பற்று வைத்துக்கொள்ளலாம். அடித்தகடே அரித்திருந்தால் வாங்காதீர்கள்.

அத்தோடு கிளம்பியிருக்க வேண்டும். மூலையில் பெட்ரோமாக்ஸ் ஒன்று உட்கார்ந்திருந்தது.

எங்கள் ஊர்த் திருவிழாவில் இதைத் தலையில் சுமந்து வரிசையாக நடப்பார்கள். அந்த உஸ்ஸ்ஸ் சத்தமும் வெள்ளை வெளிச்சமும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, கண்ணில் இருக்கிறது. பெர்லினில் மாக்ஸ் கிரேட்ஸ் 1910 வாக்கில் உருவாக்கிய விளக்கு. காற்றடித்து அழுத்தம் ஏற்றினால் எண்ணெய் மேலே ஏறி, சூட்டில் ஆவியாகி, மேண்டில் என்ற சின்ன வலைக்கூட்டில் போய் எரியும். அந்த மேண்டிலில்தான் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. வெறும் துணி வலை அப்படி ஒளிராது. தோரியம் உப்பில் நனைத்த துணி அது. முதல் தடவை கொளுத்தும்போதே துணி சாம்பலாகி, தோரியம் ஆக்சைடு கூடு மட்டும் நிற்கும். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். தோரியம் அதற்குள் இருக்கிறது. தேடிக்கொண்டு அவர் வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டம். ஆக, ஐரோப்பாவின் தெருக்களில் எரிந்த வெளிச்சத்தில் நம் கடற்கரை மணலும் உண்டு. இதை நினைத்துக்கொண்டே நின்றால் பேரம் எங்கே பேசுவது? 2,200 கொடுத்தேன். பம்பில் தோல் வாஷர் காய்ந்து, காற்றே பிடிக்கவில்லை. "தேங்காயெண்ணெயில ஒரு ராத்திரி ஊறப் போடுங்க, சரியாயிரும்" என்றார். பக்கத்திலேயே எண்ணெய் ஆவி வெளிவரும் நிப்பிள், அதன் ஓட்டையைச் சுத்தம் செய்யும் பின், நாலு மேண்டில் சேர்த்து 160.

மிச்சம் 1,110. இன்னும் ஒரு மலை ஏறும் சாமான்கூட வாங்கவில்லை.

மதுரை பஸ்ஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எனக்குக் கிடைத்தது பின் சக்கரத்துக்கு மேல் சீட். முன் சீட்டின் கம்பி என் முழங்காலுக்கு நேராக. திருப்பத்தூர் தாண்டியதும் ஓட்டுநருக்கு ஏதோ கோபம். வேகத்தடையைப் பார்த்தால்தான் கால் இன்னும் அழுத்தியது. ஒவ்வொரு தூக்கலுக்கும் பெட்டியை இரண்டு கையாலும் அந்தரத்தில் பிடித்திருந்தேன். குழந்தை வைத்திருக்கிறேன் என்று நினைத்து ஒரு பாட்டி, "தூங்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மேலூரில் அவர் இறங்கும்வரை பெட்டியைத் திறந்து பார்க்க முடியவில்லை. அரிக்கேன் கண்ணாடி உடையவில்லை. ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான்.

மாட்டுத்தாவணியில் இறங்கியதும்தான் நல்ல காரியம் ஒன்று செய்தேன். பூ மார்க்கெட் பக்கம் ஒரு சின்னக் கடையில் ஹெட்லைட் தொங்கியது. மல்லிகை, முல்லை பறிப்பவர்கள் விடிவதற்கு முன்பே, மொட்டு விரியும் முன்னால் பறிக்க வேண்டும் இல்லையா, அவர்கள் நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு. ஆன்லைனில் மலையேற்றத்துக்கு என்றே விற்பவற்றில் நான் பார்த்ததெல்லாம் ஆயிரத்துக்கு மேல். இது 280. சார்ஜ் ஏற்றலாம், விளக்கின் முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்க்கலாம், நாடா அகலம். தினமும் பனியிலும் ஈரத்திலும் வேலை செய்கிறவர்கள் நம்பும் பொருளை நான் நம்ப மாட்டேனா? பக்கத்திலேயே ஆறுக்கு ஒன்பதடியில் ஒரு தார்ப்பாய், 350. தார்ப்பாய் வாங்கும்போது ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை, எவ்வளவு என்று கேளுங்கள். எண் கூடக் கூடக் கனம், உழைப்பு. நான் எடுத்தது மெல்லியது. முதுகில் சுமக்க அதுதான் தோது. மழை வந்தால் போர்த்திக்கொள்ளலாம் என்பதால் மழைக்கோட்டுக் கணக்கை அடித்துவிட்டேன்.

கோவை பஸ் ஆரப்பாளையத்தில். இரண்டு நிலையத்துக்கும் நடுவே ஏழெட்டு கிலோமீட்டர். டவுன் பஸ் இருக்கிறது, ஆனால் கூட்டத்தில் கண்ணாடியோடு எப்படி ஏறுவது? ஆட்டோக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை, பெட்டியைத்தான் பார்த்தார். "முன்னூறுண்ணே." நூற்றைம்பதுக்கு மேல் தர மாட்டேன் என்றேன். "லக்கேஜ் இருக்குல்லண்ணே" என்றார். லக்கேஜ் என் மடியில் அல்லவா இருக்கப் போகிறது! கடைசியில் 250. கீழே இறங்கும்போது, "உள்ள என்னண்ணே?" என்றார். பெட்ரோமாக்ஸ் என்றதும் முகமே மாறிவிட்டது. அவர் அப்பா வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாராம். பத்து நிமிடம் நின்று, பின்னை எப்படிச் சுத்தம் செய்வது என்று சொல்லிக் கொடுத்தார். காசு மட்டும் குறைக்கவில்லை.

மிச்சம் 230. ஷூ அடுத்த மாதச் சம்பளத்தில். முதுகுப்பை தம்பியுடையது, கேட்டால் தருவான். கைத்தடி அடிவாரத்திலேயே மூங்கிலில் விற்கிறார்கள். மனைவி கேட்ட ஒரே கேள்வி, "இந்த விளக்கை மலைக்குக் கொண்டுபோக முடியுமா?" முடியாது. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் வனத்துறை சோதனையில் தீப்பெட்டியையே எடுத்து வைத்துவிடுவார்கள். பிப்ரவரியிலிருந்து மே வரைதான் ஏற விடுவார்கள், காடு காய்ந்து கிடக்கும் காலம். அவர்கள் செய்வது சரிதான். வெயிலுக்குப் பயந்து பாதிப் பேர் இரவில்தான் ஏழு மலையும் ஏறுகிறோம். அதற்குப் பூக்காரர் ஹெட்லைட் போதும்.

கிருஷ்ணாயில் கிடைக்க மூன்று நாள் அலைந்தேன். ரேஷனில் எங்கள் கார்டுக்கு இல்லை. கடைசியில் ஒரு பட்டறையில் அரை லிட்டர் தந்தார்கள். யாராவது பெட்ரோல் ஊற்றலாம் என்று சொன்னால் கேட்காதீர்கள், விளக்கு வெடிகுண்டாகிவிடும். எதையும் அடைத்த அறையில் எரிக்காதீர்கள்.

அரிக்கேன் மொட்டை மாடியில் முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டது. பெட்ரோமாக்ஸ் இன்னும் எரியவில்லை. வாஷர் ஊறிக் காற்றுப் பிடிக்கிறது, நேற்று ராத்திரி நிப்பிளைக் கழற்றினேன், பின் விரலிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. தலைமுடி கனம்கூட இல்லாத கம்பி அது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் தெரியவே இல்லை. 280 ரூபாய் ஹெட்லைட்டை நெற்றியில் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்துத் தேடினேன். இரண்டே நிமிடத்தில் மினுங்கியது.