கிரெனோபிள் பனிக்கு முதலியார்பேட்டையில் பார்த்த டயர்

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தபோது பிரான்ஸின் கிரெனோபிளிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். "மாமா, வண்டி எடுத்துட்டேன்" என்றான். பின்னாலேயே படமும் வந்தது. சிவப்பு டொயோட்டா ஜி.டி.86. இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, நீண்ட மூக்கு. கைமாறி வந்த வண்டிதான், ஆனாலும் பார்த்ததும் எனக்கே ஒரு சுற்று ஓட்ட ஆசை வந்துவிட்டது. 2 லிட்டர் பாக்ஸர் எஞ்சின், 200 குதிரைத்திறன், அத்தனையும் பின் சக்கரத்துக்குப் போகிற வண்டி.

மறுநாள் காலை நான் கடைக்குப் போவதற்கு முன்பே அக்கா வந்து வாசலில் நின்றிருந்தாள். "அந்த ஊர்ல பனி கொட்டுமாமே தம்பி. இவன் வழுக்குற வண்டியா பாத்து வாங்கியிருக்கான். நீதான் பாத்துச் சொல்லணும்" என்றாள். காபி வாங்கிவரச் சொன்னேன், வேண்டாம் என்று கிளம்பிவிட்டாள்.

அக்காவின் மாமனார் சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவர். புதுச்சேரியில் இப்படிப் பல குடும்பங்கள் உண்டு, அந்த வழியில்தான் பையனும் அங்கே போய்ச் சேர்ந்தான். எனக்கு முதலியார்பேட்டையில், கடலூர் சாலையில் டயர், அலைன்மென்ட் கடை. 26 வருஷமாக இதே தொழில். ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். ஆலையே இருக்கிற ஊர்க்காரனுக்கு டயர் புதிதில்லை. ஆனால் பனிக்கால டயர் ஒன்றைக்கூட நான் கையால் தொட்டதில்லை. எங்கள் மார்கழி விடியற்காலையே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

தெரியாத சரக்கைப் பற்றிப் போனில் வாய்க்கு வந்ததைச் சொல்ல மனம் ஒப்பவில்லை. ரோட்டில் படுகிற ரப்பர்க் கட்டங்களைப் பட்டன் என்போம். பழைய டயர்க் குவியலில் ஓரப் பட்டன் மிச்சமிருந்த ஸ்போர்ட்ஸ் ரக டயர் ஒன்றைத் தேடி எடுத்தேன். அதிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, வீட்டு ஃப்ரீசரில் மீன் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். விடிந்ததும் எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தேன். முந்தின நாள் நகம் பதிந்த அதே ரப்பர், இப்போது நகம் இறங்க மறுத்தது. மேசையில் தட்டினால் மரக்கட்டை மாதிரி 'டக்' என்று சத்தம். கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன், சில நிமிடத்தில் மறுபடி இளகிவிட்டது. பட்டன் குறையவில்லை, வெட்டு மாறவில்லை. குளிர் ஒன்றுதான் வித்தியாசம்.

சரி, விஷயம் பிடிபட்டது. டயர் ரோட்டைப் பிடிப்பது முதலில் ரப்பரால், அப்புறம்தான் பட்டனால். ரோட்டில் இருக்கும் பொடிப்பொடி மேடுபள்ளத்துக்குள் ரப்பர் இளகி இறங்க வேண்டும். வெயில் ரோட்டுக்காகச் செய்த ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனாலே விறைக்கத் தொடங்கும் என்பது பொதுக் கணக்கு. அப்போது பனியே தேவையில்லை, வெறும் ஈர ரோடு போதும், பிரேக் போட்டால் வண்டி நிற்க இன்னும் தூரம் எடுக்கும். பனிக்கால டயரில் சிலிக்காவைக் கூட்டி, குளிரிலும் இளகி நிற்கிற கலவை போடுகிறார்கள். ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறியது போல மெல்லிய கீற்றுகள் இருக்கும். அந்தக் கீற்றுகள் பனியைக் கவ்விக்கொள்ளும். பனி பனியோடு நன்றாக ஒட்டும். உருண்டை பிடித்துப் பார்த்த குழந்தைகளுக்கே அது தெரியும் என்று பையன் சொன்னான்.

அடுத்த ஞாயிறு வீடியோவில் உட்கார்ந்தோம். அவன் முதலில் கேட்டதே, "மாமா, இதே அகலத்துல போட்டுக்கலாமா? கொஞ்சம் பெருசா போட்டா லுக்கா இருக்கும்" என்றுதான். அவன் வண்டிக்கு 215/45, 17 அங்குலம். அதாவது அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவர் அதில் 45 சதவீதம், உள்ளே 17 அங்குலச் சக்கரம். வேண்டவே வேண்டாம் என்றேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்து ஊரே தண்ணீரில் நின்றதே, அதற்குப் பிறகு என் கடைக்கு வந்த வண்டிகளை வைத்துச் சொல்கிறேன். தேங்கிய தண்ணீரில் மிதந்து ரோட்டை விட்டு இறங்கினவற்றில் அழகுக்காக அகல டயர் மாற்றின வண்டிகள்தான் அதிகம். அகலம் கூடினால் அழுத்தம் பரவிவிடும், டயர் தண்ணீரைக் கிழித்து அடியில் இறங்காமல் மேலேயே மிதக்கும். பனிச் சகதியிலும் இதே கதைதான். 205/55, 16 அங்குலம் போதும் என்றேன். இதே வண்டியின் சாதாரண மாடலுக்கு டொயோட்டாவே கொடுத்த அளவு அது. கூட்டிப் பார்த்தால் சக்கரத்தின் மொத்த உயரத்தில் வித்தியாசம் ஒரு சதவீதம்தான். பக்கச் சுவர் உயரமாக இருப்பதால், பனிக்கடியில் ஒளிந்திருக்கும் குழியில் இறங்கினாலும் டிஸ்க், அதாவது டயர் உட்காரும் சக்கரம், எளிதில் அடிபடாது.

"ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒல்லி டயரா?" என்று இழுத்தான். இந்த வண்டியை டொயோட்டா தொழிற்சாலையில் பூட்டி அனுப்பியதே மிஷ்லின் பிரைமசி டயரோடுதான். எரிபொருள் மிச்சம் பிடிக்கிற பிரியஸ் காருக்கும் வந்த ரகம் அது. பிடி கொஞ்சம் குறைந்தால்தான் வண்டியின் ஆட்டம் ஓட்டுகிறவன் கைக்குத் தெரியும் என்று நினைத்துச் செய்த வண்டி. அதைச் சொன்னதும் சமாதானமாகிவிட்டான்.

பின்னால் மட்டும் இரண்டு மாற்றினால் செலவு பாதியாகுமே என்றும் கேட்டான். இங்கேதான் நான் குரலை உயர்த்தினேன். பின் சக்கரம் தள்ளுவது உண்மைதான். ஆனால் திரும்புவது முன் சக்கரம், பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவதும் முன் சக்கரம். பின்னால் பிடித்துத் தள்ள, முன்னால் விறைத்த டயர் வளைவில் நேராகப் போகும். மலை ரோட்டில் நேராகப் போனால் அங்கே என்ன இருக்கும்? நாலும் ஒரே டயர், இல்லையென்றால் வண்டியை எடுக்காதே என்றேன்.

அங்கே சட்டமும் இருக்கிறது. 2021 நவம்பரிலிருந்து, குறிப்பிட்ட மலைப் பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை நாலு சக்கரத்துக்கும் பனிக்கால டயர் வேண்டும், இல்லாவிட்டால் சக்கரத்தில் மாட்டுகிற பனிச் சங்கிலி டிக்கியில் வேண்டும். 2024 நவம்பரிலிருந்து, பக்கச் சுவரில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்த டயர்தான் கணக்கில் வரும். சேறு, பனி என்பதற்கான எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் செல்லாது. நம் ஊரில் ஓடும் பெரிய வண்டிகளின் டயர்களிலும் அந்த எழுத்தைப் பார்க்கலாம். அது கம்பெனி தானே போட்டுக்கொள்வது, அதற்கென்று சோதனை கிடையாது. மலைக் குறிக்குப் பனியில் ஓட்டிப் பார்த்துத் தேற வேண்டும்.

வருஷம் முழுக்க ஓடுகிற ஆல் சீசன் டயரிலும் அந்த மலைக் குறி வருகிறது. நகரத்துக்குள் மட்டும் ஓட்டுகிறவனுக்கு அது போதும். இவன் சனி ஞாயிறானால் ஷாம்ரூஸ் மலைக்கு ஏறுகிறவன், அதனால் தனிப் பனிக்கால டயரே சரி என்று முடிவு செய்தோம். அதிலும் இரண்டு ரகம். பின்லாந்துப் பக்கம் உறைந்த ஐஸுக்காகச் செய்வது மிக மென்மையாக இருக்கும். ஆல்ப்ஸ் பக்கத்து ரகம் ஈரமும் குளிரும் கலந்த ரோட்டுக்கும் நெடுஞ்சாலை வேகத்துக்கும் ஆனது. இவனுக்கு இரண்டாவதுதான். மிஷ்லின் ஆல்பின் 6, 91 எச். 91 என்பது டயர் தாங்கும் எடைக்கான குறி எண். எச் என்றால் 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். அங்கே நெடுஞ்சாலை வரம்பே 130.

டயருக்கு முன்னால் டிஸ்க் வந்தது. டயர் ஏற்றாமல் வெறும் டிஸ்க்கை முன் சக்கரத்தில் மாட்டி, நட்டுகளைக் கையால் இறுக்கி, சுற்றிக் காட்டச் சொன்னேன். பிரேக் காலிபருக்கும் டிஸ்க்குக்கும் நடுவே அவன் சுண்டுவிரல் போய்வந்தது. உள்பக்கம் பேலன்ஸ் வெயிட் ஒட்டினாலும் உரசாது. அதற்கப்புறம்தான் டயருக்குப் பணம் கட்டச் சொன்னேன்.

பூட்டி முடித்த அன்று வண்டியை ஒரு சுற்று சுற்றிப் படம் பிடித்து அனுப்பினான். அழகாகத்தான் இருந்தது. இடது பின் சக்கரம் வந்ததும் நிறுத்தி, மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இந்த டயரின் பட்டன் 'வி' வடிவத்தில் ஒரே திசை நோக்கி இருக்கும், பக்கச் சுவரில் ஓடுகிற திசைக்கு அம்புக்குறி உண்டு. மூன்றில் அம்பு முன்னோக்கி, இந்த ஒன்றில் மட்டும் பின்னோக்கி. தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய வெட்டு உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கும். உடனே திரும்பிப் போகச் சொன்னேன். அந்தக் கடைக்காரர் மறு பேச்சில்லாமல் கழற்றி மாற்றிக் கொடுத்தாராம். 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளின் இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர் இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் எழுதிவைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மார்கழியில் முதல் பனி. ஷாம்ரூஸ் வண்டி நிறுத்தத்திலிருந்து ஒரு படம் வந்தது. வெள்ளைத் தரையில் டயர் தடம், ஒவ்வொரு கீற்றும் அச்சடித்த மாதிரி. கடையில் பையன்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அக்காவுக்கும் அனுப்பினேன். அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தடத்தின் இரண்டு ஓரமும் அழுத்தமாக இருந்தது, நடுப்பகுதி லேசாக. காற்று குறைந்த டயரின் தடம் இது, மழைக்காலத்தில் என் கடை வாசல் சேற்றில் நிறையப் பார்த்திருக்கிறேன். "காத்து எவ்வளவு மாப்ளே?" என்றேன். "2.4 பார் மாமா, போன வாரம்தான் அடிச்சேன்" என்றான். எங்கே அடித்தான் என்று கேட்டேன். வீட்டுக்குக் கீழே மூடிய நிறுத்தத்தில், 20 டிகிரி இருக்குமாம். மலையில் அன்றைக்கு மைனஸ் 5. குளிர்ந்தால் டயருக்குள் காற்றின் அழுத்தம் குறையும்.

அளந்து பார்க்கச் சொன்னேன். 2.1 காட்டியது.