பின்னாடி இருக்கிறதை எடுத்துருங்க

போடிநாயக்கனூரில் ஒரு ஸ்டுடியோவில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கல்யாணம், காதுகுத்து என்று கேமராவோடு அலைவது முதலாளியும் பையன்களும். என் பாடு கம்ப்யூட்டரோடு. பழைய போட்டோவை ஸ்கேன் பண்ணி, கறையை எடுத்து, கிழிசலைச் சேர்த்து, சட்டம் போடக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் வீட்டில் ஒருவர் தவறிய மறுநாள்தான் வருவார்கள். கருமாதிக்குள் படம் வேண்டும். எல்லோரும் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "அண்ணே, தாத்தா மட்டும் போதும். பின்னாடி இருக்கிறதை எடுத்துருங்க."

எடுத்துவிடுவேன். தாத்தாவைச் சுற்றி வெட்டி, பின்னால் நீலத்தை ஊற்றினால் முடிந்தது. இந்த ஊரில் பல வீட்டுச் சுவர்களில் தாத்தாக்களுக்குப் பின்னால் இருக்கும் நீலம் நான் ஊற்றியது.

அந்த நீலத்துக்கு அடியில் என்னவெல்லாம் போயிற்று என்று ரொம்ப நாள் நான் யோசிக்கவில்லை. ஏலக்காய் மூட்டை அடுக்கிய கடை வாசல், தரையில் வரிசையாக உட்கார்ந்து காய் தரம் பிரிக்கும் பெண்கள், போடிமெட்டு வழியாக எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்.

ஒரு தடவை ஒருவர் தன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தார். 85-ல் நடந்த கல்யாணம் என்று அடித்துச் சொன்னார். மாப்பிள்ளை அழைப்பு போகும் தெருவில், சுவரில் பெரிதாகச் சேவல் வரைந்திருந்தது. அ.தி.மு.க. இரண்டாக உடைந்து, ஜெயலலிதா சேவல் சின்னத்தில் நின்று இந்தத் தொகுதியில் ஜெயித்தது 1989 ஜனவரியில். "அண்ணே, கல்யாணம் தை மாசமா?" என்றேன். ஆமாம் என்றார். வீட்டுக்குப் போய்ப் பத்திரிகையைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு மறுநாள் போன் பண்ணினார். 89-தான். கல்யாண வருடத்தையே மறந்த மனிதரை வீட்டில் என்ன பாடு படுத்தினார்களோ!

இன்னொரு படம், ஓரம் நெளிநெளியாக வெட்டிய சின்ன அட்டை. கோட்டுப் போட்ட ஒருவர் கையில் குடையோடு நிற்கிறார். ஏதோ ஆபீஸ் வாசல் என்றார் கொண்டுவந்தவர். எனக்கு அது பிளாட்பாரம் மாதிரி தெரிந்தது. ஆனால் தண்டவாளம் இருக்க வேண்டிய இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல். மதுரை–போடி லைன் 1928-ல் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், 1950களில்தான் திரும்பப் போட்டார்கள். நடுவில் ரயில் இல்லாத ஸ்டேஷனில் போய் நின்று படம் எடுத்திருக்கிறார் மனிதர். ஏன் என்று கேட்க ஆள் இல்லை. 2010 முடிவில் மீட்டர் கேஜை நிறுத்தினார்களே, அப்புறம் 2023 ஜூனில் வண்டி வருகிறவரைக்கும் நானும் அந்தப் பக்கம் சும்மா நடந்து போய் நின்றதுண்டு. அதற்கும் காரணம் கிடையாது.

இதற்கு நடுவே நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக் கல்யாண குரூப் போட்டோ. ஓரத்தில், தூணுக்குப் பின்னால், வெள்ளைச் சேலைக் கிழவி ஒருவர் பாதி முகம் தெரிய எட்டிப் பார்க்கிறார். தாலி இழந்தவர் படத்தில் வரக் கூடாது என்று ஒதுங்கி நின்றிருப்பார். படம் சுத்தமாக இருக்கட்டும் என்று, யாரும் கேட்காமலே, தூணைக் கொஞ்சம் அகலமாக்கி அவரை மறைத்துவிட்டேன். நல்ல வேலை, ஒட்டுத் தெரியவில்லை. அதே ஃபைலின் மேலேயே சேவ் பண்ணினேன்.

மூன்று மாதம் கழித்து அந்த வீட்டுப் பெண் ஒருவர் வந்தார். "அண்ணே, அந்தப் படத்துல எங்க அப்பத்தா ஓரமா நிக்கும். அதை மட்டும் பெருசு பண்ணித் தாங்க. அதுக்கு வேற போட்டோவே இல்ல." பழைய பிரிண்ட் எங்கே என்று கேட்டேன். புதுசு வந்ததும் சட்டத்தோடு பழைய சாமான்காரருக்குப் போட்டாயிற்றாம். அவர் என்னைத் திட்டவில்லை. திரையில் நான் அகலமாக்கிய தூணை விரலால் தொட்டு, "இந்த இடத்துலதான்" என்றார். காசு வாங்காமல் வேறு ஏதோ பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். எதைக் கொடுத்தேன் என்பது கூட நினைவில்லை.

இப்போதெல்லாம் முதலில் ஸ்கேன் பண்ணியது அப்படியே தனி ஃபோல்டருக்குப் போய்விடும். ஆள் பெயர் எழுதுவதில்லை. 'சேவல் சுவர்', 'புல் முளைத்த ஸ்டேஷன்', இப்படித்தான். ஹார்ட் டிஸ்க் நிறைகிறது என்று முதலாளி முணுமுணுப்பார். சரி அண்ணே, அடுத்த மாதம் அழிக்கிறேன் என்பேன்.

போன வாரம் ஒரு பையன் வந்தான். ஜீப் மேல் சாய்ந்து நிற்கிற தாத்தா. "பின்னாடி இருக்கிறதை எடுத்துருங்கண்ணே" என்றான். எடுத்துக் கொடுத்தேன். அதற்கு முன்னால் ஜீப்புக்குள் இருந்த பதினோரு தலைகளையும் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தார்.