கரையோர அறிவிப்பில் எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது

பாம்பன், மண்டபம், தொண்டி மீன் இறங்குதளங்களில் ஒரே அறிவிப்பு பலகையிலும் ஒட்டப்படும், ஒலிபெருக்கியிலும் வாசிக்கப்படும். எழுதுகிறவர்கள் பலகையை மட்டும் நினைத்து எழுதிவிடுகிறார்கள். இப்படி ஒன்று வரும்:

"மன்னார் வளைகுடா பகுதியில் பலத்த காற்று வீசக்கூடும் என வானிலை ஆய்வு மையத்தால் முன்னறிவிப்பு செய்யப்பட்டுள்ளதன் காரணமாக, மறு அறிவிப்பு வெளியிடப்படும் வரையில் மீனவர்கள் எவரும் கடலுக்குச் செல்லும் நடவடிக்கையில் ஈடுபட வேண்டாம் என இதன் மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

தமிழில் வினை கடைசியில்தான் வரும். 'வேண்டாம்' என்ற சொல் வந்து சேர்வதற்குள், வலை ஏற்றிக்கொண்டிருப்பவரின் கவனம் போய்விடும். அதனால் முதல் வேலை, அந்த ஒரு வினையைத் தேடிப் பிடித்து, அதற்கென்று தனி வாக்கியம் எழுதி முன்னால் வைப்பது:

"மன்னார் வளைகுடாவில் யாரும் மீன்பிடிக்கப் போக வேண்டாம். மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் காற்று வீசக்கூடும் என்று வானிலை ஆய்வு மையம் அறிவித்துள்ளது. மறு அறிவிப்பு வரும் வரை கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது."

'செல்லும் நடவடிக்கையில் ஈடுபட' என்பதில் பொருள் முழுக்க 'செல்' என்பதில் இருக்கிறது. ஈடுபடு, மேற்கொள், நடவடிக்கை எல்லாம் சும்மா முட்டுக்கொடுத்த கம்புகள். எடுத்தாலும் வாக்கியம் விழாது. 'பலத்த' போய், அந்த இடத்தில் வேகம் எண்ணாக வந்துவிட்டது. ஆனால் 'வீசக்கூடும்' என்பதை 'வீசும்' என்று சுருக்கக் கூடாது. காற்று வராமல் போனால் அடுத்த எச்சரிக்கையை யாரும் நம்பமாட்டார்கள். 'மன்னார் வளைகுடாவில்' என்பதும் இருந்தே ஆக வேண்டும். பாம்பனுக்குத் தெற்கே கடல் சீறும் நாளில் வடக்கே பாக் ஜலசந்தி அமைதியாகக் கிடக்கலாம். இடம் சொல்லாத அறிவிப்பு இரண்டு பக்கத்துப் படகையும் கட்டிப்போடும்.

மீன்பிடித் தடைக்கால அறிவிப்பில், தேவையான சொல்லை வெட்டும் தவறு இன்னும் பெரிதாகும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அது விசைப்படகுகளுக்கானது. 'விசைப்படகுகள்' என்ற ஒரு சொல்லைச் சுருக்கம் கருதி எடுத்துவிட்டால் நாட்டுப்படகுக்காரர் பிழைப்பு கெடும். தேதிகள் இருக்கும்போது '61 நாள்' எதற்கு என்று தோன்றும். அதையும் விட்டுவைப்பதே நல்லது: எண்ணிப் பார்த்தால் ஜூன் 14-ம் தடைக்குள் அடக்கம் என்பது சந்தேகமில்லாமல் விளங்கும்.

மனுக்களுக்கு வருவோம். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனு பெரும்பாலும் 'தலைமுறை தலைமுறையாகக் கடலையே நம்பி' என்று தொடங்கி, கேட்பது என்ன என்பதை இரண்டாம் பக்கத்தில் சொல்லும். 'படகு சம்பந்தமாக' என்ற பொருள் வரியால் எந்த மேசைக்கும் மனு போகாது. 'புயலில் சேதமான நாட்டுப்படகுக்கு நிவாரணம் கோருதல்' என்று எழுதி, பதிவு எண், சேதமான நாள், இடம், கேட்கும் உதவி நான்கையும் முதல் பத்தியிலேயே வைக்க வேண்டும். கடலை நம்பி வாழ்வதைச் சொல்லும் அந்த வாக்கியத்தை அடியோடு நீக்கச் சொல்கிறவர்கள் உண்டு; எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. மனு கொடுப்பவருக்கு அது சொல்லியாக வேண்டிய விஷயம். கடைசியில் ஒரே வாக்கியமாக நிற்கட்டும்.

'நிவாரணம் வழங்கப்படாமல் இருந்து வருகிறது' போன்ற வரிகளைக் கண்டால் 'யார் வழங்கவில்லை?' என்று கேட்க வேண்டும். பதில் தேடும்போதுதான் எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியில் விண்ணப்பித்தார்கள் என்பதே எழுதப்படவில்லை என்று தெரியவரும். அதைச் சேர்த்தால் வாக்கியம் கொஞ்சம் நீளும். நீளட்டும்.

திருத்தி முடித்ததும் வேறொருவரை உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டும். அவர் எங்கே மூச்சு வாங்கத் தடுமாறுகிறாரோ, அங்கே வாக்கியத்தை முறித்து முற்றுப்புள்ளி வைக்க வேண்டும்.