டர்பனில் ஒரு கல்யாணமும் கடன் வாங்கிய அம்மியும்

முதல் தொலைபேசி அழைப்பிலேயே சறுக்கிவிட்டேன். "ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மண்டபம் வேண்டும்" என்றேன். மறுமுனையில் இருந்தவர் கொஞ்சமும் யோசிக்காமல், "நான்கு காலா, ஆறு காலா?" என்று கேட்டார். நான் விழித்தேன். அப்புறம்தான் விளங்கியது. தென்னாப்பிரிக்க நகரமான இந்த டர்பனில் மண்டபம் என்றால் மேடையில் நிறுத்தி அலங்கரிக்கும் மணவறை. ஊரில் நாம் மண்டபம் என்பதற்கு இங்கே ஹால் என்று பெயர். 18 வருடமாக இந்த ஊர்க் கல்யாணங்களுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேனே தவிர, ஒன்றையாவது முன்னின்று நடத்தியதில்லை.

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். இங்கே பிழைப்பு கணக்கு எழுதுவது. மகள் தேர்ந்தெடுத்த பையன் டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த ஐந்தாம் தலைமுறைத் தமிழன். 1860இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் வந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்களே, அவர்கள் வழி வந்த குடும்பம். சம்பந்தி வீட்டிலும் எங்கள் வீட்டிலும் கல்யாணம் என்று வந்தால் புழங்குவது பெரும்பாலும் ஒரே சொற்கள்தான். கடல் தாண்டியதில் சில சொற்களின் பொருள் மட்டும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. மற்ற நேரத்தில் அது வேடிக்கை. முன்பணம் கட்டும்போது வேடிக்கையில்லை.

அன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். "அலங்காரம் எல்லாம் அடக்கம்" என்று யாராவது சொன்னால் அதை எழுதிக்கொள்வதில்லை; குத்துவிளக்கு எத்தனை, நாற்காலி எத்தனை, யார் கொண்டுவருவது, எத்தனை மணிக்கு எடுத்துப்போவது என்பதைத்தான் எழுதுவது என்று முடிவு செய்தேன். என் கணவர் இதைத் தணிக்கை என்று கேலி செய்தார். செய்யட்டும்.

தேதிக்கே பெரிய போட்டி. இங்குள்ள தமிழர்கள் ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசி விரத மாதம், அதிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆவணியின் மேல் ஊரே பாய்கிறது, அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளின் மேல். 2023 ஆவணியில் ஞாயிறு ஐந்து. வளர்பிறையில் விழுந்தவை ஆகஸ்ட் 20, 27, செப்டம்பர் 17 என்று மூன்றே மூன்று. ஜனவரியில் தேடத் தொடங்கியபோதே 20ஆம் தேதிக்கு நல்ல ஹால் எதுவும் இல்லை. 17ஆம் தேதிக்கு மாப்பிள்ளையின் சித்தப்பா ஒப்பவில்லை. உலகக் கோப்பை ரக்பியில் அன்று தென்னாப்பிரிக்காவுக்கும் ருமேனியாவுக்கும் ஆட்டம். காரணத்தை அவர் மறைக்கக்கூட இல்லை. ஆவணியின் கடைசி நாளாயிற்றே என்று நானும் தயங்கிக்கொண்டுதான் இருந்தேன். பழி அவர் தலையில் விழுந்ததில் எனக்கு நிம்மதி. 27 நிச்சயமாயிற்று.

ஹால் தேடி மூன்று வாரம் அலைந்தோம். கடற்கரையோரமாக ஓர் இடம் பளபளவென்று இருந்தது. மகளுக்குப் பிடித்துவிட்டது. ஓமம் வளர்க்கலாமா என்று கேட்டேன். அனல் பட்டால் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும், பேட்டரி விளக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பேட்டரி விளக்கை மூன்று முறை வலம் வருவதா? அங்கிருந்து கிளம்பிவிட்டோம்.

இன்னொரு தனியார் ஹாலில் வாடகை 40,000 ராண்ட் என்று வாயால் சொன்னார்கள். தாளை வாங்கிப் பார்த்தால் அடியில் பொடி எழுத்தில் 'வாட் தனி', அதாவது மதிப்புக் கூட்டு வரி தனி என்று இருந்தது. 15 சதவீதம் என்றால் இன்னொரு 6,000. அதற்கும் கீழே, எந்தக் காரணத்துக்காக ரத்து செய்தாலும் கட்டிய பணம் முழுவதும் திரும்பாது என்று ஒரு வரி. அப்படி எழுதி வைத்தால் மட்டும் சட்டமாகிவிடாது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முன்பதிவை ரத்து செய்தால் நியாயமான அளவு கட்டணம்தான் பிடிக்கலாம் என்கிறது. யாருக்காகப் பதிவு செய்தோமோ அவர் இறந்துபோனாலோ மருத்துவமனையில் சேர்ந்தாலோ அதுவும் பிடிக்கக் கூடாது. இதைச் சொன்னதும் மேலாளர் முகம் சுருங்கிவிட்டது. "கல்யாணப் பேச்சில் சாவைப் பற்றிப் பேசுகிறீர்களே" என்றார். நானா பேசினேன்? சட்டம் பேசுகிறது.

கடைசியில் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் ஹாலைப் பிடித்தோம். வாடகை பாதிக்கும் கீழே. சைவம் மட்டும், மது கிடையாது, ஓமத்துக்குத் தடையில்லை. நாற்காலிகள் மட்டும் பார்க்கச் சகிக்காது. அதற்கு உறை போட்டுக்கொள்ளலாம். 2023 மின்வெட்டு ஆண்டு. ஆகவே, எங்கே போனாலும் ஜெனரேட்டர் பற்றிக் கேட்டேன். எல்லோரும் இருக்கிறது என்றார்கள். இங்கே மட்டும்தான் காவலாளி, "வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன்" என்று பின்பக்கம் அழைத்துப்போனார். விளக்கும் ஒலிபெருக்கியும் ஓடின. சமையலறை குளிர்பெட்டி ஓடவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன். தண்ணீருக்கு ஜோஜோ என்னும் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு இருந்தன, இரண்டையும் தட்டிப் பார்த்தேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அங்கிருக்கும் என் தோழி மாதக்கணக்கில் வாளியும் கையுமாக நின்றதைப் பார்த்தவள் நான்.

மணவறை அலங்காரத்துக்கு ஏழு பேரிடம் விலை கேட்டேன். ஏழு பேரின் படங்களும் ஒன்றுபோல இருந்தன. இரண்டு படங்கள் உண்மையாகவே ஒன்றுதான்! இருவரும் தம்முடையது என்றார்கள். அதன் பிறகு படம் பார்ப்பதை விட்டுவிட்டேன். "அடுத்து எங்கே போடுகிறீர்கள்? சனிக்கிழமை இரவு வந்து பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டேன். ஐந்து பேர் மழுப்பினார்கள். ஆறாமவரிடம் போய்ப் பார்த்தபோது தூணின் முன்பக்கம் ரோஜாவாகச் சொரிந்தது. பின்பக்கம் போனால் வெறும் இரும்புக் குழாய், அதில் போன கல்யாணத்துச் சரிகை நூல். உறவினர்கள் உட்காரப்போவது மூன்று பக்கமும் அல்லவா? ஏழாமவர் ஓர் அம்மா. நான் போனபோது ஏணியின் மேல் நின்று செண்டுப்பூச் சரத்தை ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். மல்லிகை கிடைக்குமா என்றேன். "ஆகஸ்டிலா? கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் அக்கா" என்றார் இறங்காமலே. அங்கேயே பேசி முடித்துவிட்டேன். அன்றைக்கு நீங்களே வருவீர்களா என்று கேட்டு, அதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினேன். படம் எடுப்பவரிடம் அப்படி எழுதி வாங்க மறந்தேன். ஆல்பத்தைக் காட்டியவர் ஒருவர், கல்யாணத்தன்று கேமராவோடு வந்து நின்றவர் வேறொருவர். அதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. தாலி கட்டும் படத்தில் என் கணவரின் முதுகு நன்றாக விழுந்திருக்கிறது.

சாப்பாட்டில்தான் இரண்டு வீட்டுக்கும் உரசல் வந்தது. எனக்குக் கல்யாணம் என்றால் இலை, சாம்பார், ரசம். சம்பந்தி அம்மாவுக்கு பிரியாணி இல்லாமல் கல்யாணமே இல்லை. டர்பன் பிரியாணியில் முழு மசூர் பருப்பு போடுவார்கள். உருளைக்கிழங்கும் உண்டு. பக்கத்தில் தாலும் தயிரும் சம்பலும் வரும். சைவ பிரியாணியை ருசி பார்க்கப் போனபோது என் கொள்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சமையல்காரரிடம் சாம்பாரும் வேண்டும் என்றேன். "செய்கிறோம்" என்றார். அடுத்த வாரம் ருசிக்கு வந்ததும் தால்தான்; புளி இல்லை, காய் இல்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் வீட்டில் அதுதான் அது. மூன்றாம் முறை நானே ஒரு பாத்திரத்தில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் கரண்டியால் கிண்டிப் பார்த்து, முருங்கைக்காயை எடுத்து, "இது எங்கள் பாட்டி வைப்பதுபோல இருக்கிறதே" என்றார். 350 பேருக்கு பிரியாணி, வயதானவர்கள் 60 பேருக்கு இலைச் சாப்பாடு என்று உடன்பாடு ஆயிற்று. சோஜி என்னும் இனிப்பு, நம் ரவா கேசரியின் ஒன்றுவிட்ட தங்கை, இரண்டு பந்திக்கும் பொது. குளிர்பெட்டி ஓடாது என்பதால் தயிரைக் காலையில்தான் கொண்டுவர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

"மேளம் உண்டு" என்று ஒருவர் சொல்லிப் போய்ப் பார்த்தால் ஸ்பீக்கர் பெட்டி. வேறு வழியில்லாமல் கெட்டிமேளம் பதிவில்தான் ஒலித்தது.

ஜூலையில் ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, மீதித் தொகையைப் புதிய எண்ணுக்கு அனுப்புங்கள் என்று, அலங்காரம் செய்யும் அம்மாவின் பெயரில். என் தொழிலில் இந்த மாதிரிக் கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய எண்ணில் அவரைக் கூப்பிட்டேன். அவர் எதையும் மாற்றவில்லை. யாரோ அவருடைய மின்னஞ்சலுக்குள் புகுந்திருந்தார்கள்.

கடைசியாகத் தேடியது பதிவு செய்து வைப்பவரை. முதலில் தேடியிருக்க வேண்டியதும் அவரைத்தான். ஐயர் தாலி எடுத்துக் கொடுத்தால் கல்யாணம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, அரசு நியமித்த திருமண அதிகாரி நடத்தினால்தான் இங்கே அது சட்டப்படி செல்லும். புரோகிதர்களில் அந்த நியமனம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுப் புரோகிதருக்கு இல்லை. அவரும் தாமாகச் சொல்லவில்லை, நாங்களும் ஜூன் மாதம்வரை கேட்கவில்லை. நியமனம் உள்ள பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "சொத்து ஒப்பந்தம் போட்டாயிற்றா?" கல்யாணத்துக்கு முன்பே நோட்டரி முன்னால் ஒப்பந்தம் எழுதாவிட்டால் இருவர் சொத்தும் கடனும் ஒன்றாகிவிடுமாம். மாப்பிள்ளை சொந்தமாகத் தொழில் செய்கிறவர். வங்கிக் கடன் இருக்கிறது. சம்பந்தி அம்மா, கல்யாணத்துக்கு முன்பே பிரிவினைப் பத்திரமா என்று இரண்டு நாள் பேசவில்லை. மகளும் மாப்பிள்ளையும் தாங்களே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். அதைக் கையெழுத்தான மூன்று மாதத்துக்குள் பத்திரப் பதிவகத்தில் பதிய வேண்டும். எங்களுக்கு அது பீட்டர்மாரிட்ஸ்பர்க்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பூஜை சாமான்களை வாடகைக்குத் தருபவர் பெட்டியைக் கொண்டுவந்தார். என் நோட்டில் 'அம்மி - 1' என்று இருந்தது. அவர் பெட்டியிலும் அம்மி என்று எழுதி ஒரு பொருள் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் இடிகல், இஞ்சி பூண்டு தட்டுவது. இதன்மேல் மகள் கட்டை விரலைத்தான் வைக்க முடியும்.

மூன்று நாள் ஊரெல்லாம் விசாரித்தோம். சம்பந்தி அம்மாதான் கண்டுபிடித்தார், சாட்ஸ்வொர்த்தின் யூனிட் 5 பகுதியில் அவருக்கு அத்தை முறையாகும் 84 வயதுப் பாட்டி வீட்டில். கொல்லையில் கறிவேப்பிலைத் தொட்டிக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. நல்ல கருங்கல் அம்மி, நடுவில் குழி விழுந்தது, குழவி கதவோரத்தில். 1960களில் டர்பன் நகரசபையின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸைக் காலி செய்து குடும்பங்களை சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது, லாரியில் கட்டிலை விட்டுவிட்டு இதை ஏற்றினாராம். "கட்டில் வாங்கலாம்" என்றார் பாட்டி. வாடகை என்று ஏதாவது கொடுக்க வாயெடுத்தேன். சம்பந்தி அம்மா என் முழங்கையைக் கிள்ளினார்.

27ஆம் தேதி மின்சாரம் போகவில்லை. தாலி கட்டி, அம்மி மிதித்து முடித்ததும் திருமண அதிகாரி பதிவேட்டை விரித்தார். கதவுகளைத் திறந்து வையுங்கள் என்றார். மூடிய கதவுக்குள் நடக்கக் கூடாது என்பது சட்டம். ஆகஸ்ட் இங்கே காற்று மாதம். கதவைத் திறந்ததும் தாள்கள் எல்லாம் எழுந்தன. ஆடிக் காற்றுக்கு அம்மி பறக்குமோ என்னவோ, ஆவணிக் காற்றுக்குக் குழவி பறக்கவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா அதைத் தூக்கி வந்து பதிவேட்டின் ஓரத்தில் வைத்தார். சாட்சிகள் இருவரும் அதைச் சுற்றி வளைத்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை அம்மியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம், ஒரு டப்பா சோஜியோடு. கழுவித்தான் கொண்டுபோனேன். பாட்டி கட்டை விரலால் குழியைத் தடவி முகர்ந்து பார்த்தார். "மஞ்சள் போகவில்லை" என்றார். கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து, அவர் கொடுத்த புளியைப் போட்டு இன்னொரு முறை தேய்த்தேன். சரி என்று தலையசைத்த பிறகு, என் கணவர் கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.