நேரசூசிக்குள் ஒரு வட்டக்களரி

கிராமத்துப் பாடசாலையில் கூத்தும் நாடகமும் பழக்குகிறேன் என்று சொன்னால், மேடை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். அடுத்து ஒலிபெருக்கி, வெளிச்சம், உடுப்பு, காசு. எங்கள் பாடசாலையில் இவற்றில் எதுவும் போதிய அளவு இல்லை. ஆனால் எங்களைத் தடுத்தது அந்தக் குறைகள் அல்ல. தட்டுப்பாடாக இருந்தது நேரம். மட்டக்களப்பில் ஒரு கூத்து, ஆடுகளமான களரிக்கு வருமுன் மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும். பாடசாலை தருவதோ நாற்பது நிமிடப் பாடவேளை. மணி அடித்தால் சதங்கையைக் கழற்றி வைத்துவிட்டுக் கணிதக் கொப்பியை எடுக்க வேண்டும். இந்த இரண்டையும் பொருந்தவைப்பதே இத்தனை ஆண்டுகளாக என் வேலையாக இருக்கிறது.

எங்கள் பாடசாலை இருப்பது படுவான்கரையில். அது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள வயல்நாடு. கிழக்கே கடலோரமாக எழுவான்கரை. பட்டணம், பெரிய பாடசாலைகள், ரியூசன் வகுப்புகள் எல்லாம் அந்தப் பக்கம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, துறையில் பாதைப் படகுக்காகக் காத்திருந்துதான் கரை மாறினோம். பாலம் வந்த பிறகும் ஆசிரியர்களில் பலர் எழுவான்கரையிலிருந்தே வந்து போகிறார்கள். ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டதும் அவர்களுக்கு பஸ் பிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வேறொரு அவசரம் உண்டு. வேளாண்மை விளைந்து நிற்கும் மாதங்களில், மாலை சாய்ந்தால் காட்டோர ஊர்களில் யானை இறங்கும். நாலு மணிக்குப் பிறகு ஒரு பிள்ளையையும் பாடசாலையில் வைத்திருக்க முடியாது.

இலங்கைப் பாடத்திட்டத்தில் அழகியல் ஒப்புக்கு வைத்த பாடம் அல்ல. தரம் ஆறிலிருந்து ஒன்பதுவரை ஒவ்வொரு பிள்ளையும் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றுள் ஒன்றைப் படிக்க வேண்டும். க.பொ.த. சாதாரண தரத்தில் நாடகமும் அரங்கியலும் ஒரு தெரிவுப் பாடம். எழுத்துப் பரீட்சையோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு. ஆகவே நான் வெளியிலிருந்து புதிதாக எதையும் கொண்டுவரத் தேவை இருக்கவில்லை. பாடம் இருந்தது. ஆசிரியர் இல்லாத ஊர்களில் அது ஏட்டோடு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

1956இல் எதிரிவீர சரச்சந்திர உருவாக்கிய மனமே நாடகத்தைப் பற்றி வகுப்பில் படிப்பிப்பேன். நவீன சிங்கள நாடகத்துக்கு அது ஒரு திருப்பம். அது எடுத்துக்கொண்ட 'நாடகம' என்ற ஆட்ட வடிவத்தின் வேர் தமிழ்க் கூத்தில் இருக்கிறது. இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்த வகுப்பறையின் பின்மதிலுக்கு அப்பால், கூத்தின் இரண்டு பாணிகளில் ஒன்றான வடமோடிக் கூத்துகளை மனப்பாடமாக வைத்திருந்த அண்ணாவியார், அதாவது கூத்துப் பழக்கும் ஆசான், ஒருவர் குடியிருந்தார். வகுப்பில் இருந்த சிலர் அவருக்குப் பேரப்பிள்ளை முறை. பாடநூலில் கூத்து பற்றி இருந்த பக்கங்களைப் பரீட்சைக்காகப் பாடமாக்கிய அந்தப் பிள்ளைகள், அவரிடம் தரு என்கிற கூத்துப் பாட்டு ஒன்றையேனும் பாடச் சொல்லிக் கேட்டதில்லை.

அவரை உள்ளே அழைக்க வேண்டும் என்றபோது அதிபர் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார்: எந்த முறையில் அழைப்பது? அவர் ஆசிரியர் அல்லர், கையில் சான்றிதழ் எதுவும் இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அவரை வளவாளராக அழைப்பதென்று தீர்மானம் எழுதி, போக்குவரத்துக்கென ஒரு சிறு தொகையும் ஒதுக்கினோம். அண்ணாவியார் தொகையைப் பற்றிப் பேசவே இல்லை. "பிள்ளைகள் நின்று பழகுவார்களா, ரீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு நேரசூசி. அழகியலுக்குரிய பாடவேளைகள் வாரம் முழுவதும் சிதறிக் கிடந்தன. இரண்டைச் சேர்த்து நாளின் கடைசியில் வைத்தால், மணி அடித்த பிறகும் பழக்கத்தைத் தொடரலாம். கேட்பதற்குச் சின்ன விடயம். ஆனால் கடைசிப் பாடவேளையை எடுத்தால் கணித வகுப்பு நகர வேண்டும். அதே ஆசிரியர் விஞ்ஞானமும் படிப்பிப்பதால் அந்த வகுப்பும் நகர வேண்டும். ஆள் பற்றாத பாடசாலையில் ஒரு கட்டத்தை மாற்றினால் முழுவதும் குலைந்துபோகும். பிரதி அதிபரும் நானும் விடுமுறையில் உட்கார்ந்து முழு நேரசூசியையும் முதலிலிருந்து எழுதினோம். கலைப் பாடங்களுக்காக வாதாடுகிறவர்கள் கூட்டங்களில் பேசுவதைக் குறைத்துக்கொண்டு நேரசூசி எழுதப் பழக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கூத்துக்கு ஊரில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் சட்டம் கொடுத்தல்: இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று தீர்மானித்து, அதற்குரிய பாட்டுகள் எழுதிய தாளை வெற்றிலையோடு கையில் கொடுப்பார்கள். பிறகு நீண்ட பழக்கம். கால் தேறியதும் சதங்கை அணிதல். கூத்து முழுவதையும் ஒழுங்காக ஆடிப் பார்ப்பது அடுக்குப் பார்த்தல். கடைசியில் அரங்கேற்றம். இந்த ஒழுங்கை அப்படியே பாடசாலைத் தவணைகளுக்குள் வைத்தோம். முதலாம் தவணை இல்ல விளையாட்டுப் போட்டியோடு போய்விடும் என்பதால் அதில் சட்டம் கொடுத்துப் பாட்டை மட்டும் பழக்கினோம். ஆட்டம் இரண்டாம் தவணையில். சதங்கை அணியும் நாளைப் பாடசாலையின் விழாவாகவே நடத்தினோம். காலைக் கூட்டத்தில் அண்ணாவியார் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் சதங்கையைக் கொடுத்தார், பெற்றோர் பார்த்திருந்தார்கள். மூன்றாம் தவணை தொடங்கியதும் அடுக்குப் பார்த்தல். மாரி மழை பிடிக்குமுன் கோயில் முன்றிலில் களரி கட்டி அரங்கேற்றம்.

இந்த ஒழுங்கில் ஒவ்வொரு படியும் ஊர் பார்க்க நடக்கிறது. தான் எவ்வளவு தேறியிருக்கிறோம் என்று பிள்ளைக்கே தெரிகிறது. புள்ளி போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டை மட்டும் பழகிய அந்த மாதங்கள் நான் எதிர்பாராத ஒன்றையும் தந்தன. தரம் எட்டுக்கு வந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைகள் எங்களிடம் இருந்தார்கள். விருத்தத்தையும் தருவையும் அவர்கள் காதால் கேட்டே பிடித்தார்கள், மற்றவர்களை விட விரைவாக. பிறகு அண்ணாவியாரின் கூத்துக் கொப்பியைப் பார்த்து எழுதச் சொன்னோம். ஏற்கனவே வாயில் இருந்த வரியைத் தாளில் தேடியபோது அவர்களுக்கு எழுத்தின் மேல் பயம் வரவில்லை. தமிழ் ஆசிரியர் இதைக் கவனித்துவிட்டுத் தம்முடைய பாடவேளையிலும் அந்தப் பாட்டுகளை வாசிக்கக் கொடுத்தார். அதன் பிறகு நேரம் கேட்டு அவரிடம் நான் போக வேண்டியிருக்கவில்லை.

சட்டம் கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஊரில் குரலையும் உடற்கட்டையும் மட்டும் பார்த்துப் பாத்திரம் கொடுப்பதில்லை. அரசன் வேடம் எந்தக் குடும்பத்துக்கு, யாருடைய மகன் யாருடைய மகனை வணங்கி நிற்பது என்பதெல்லாம் உள்ளே ஓடும். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வடமோடியில் ஆடிக்கொண்டே பாட வேண்டும். மூச்சுப் பிடிக்காத பிள்ளைக்குத் துரியோதனனைக் கொடுத்துவிட்டுக் களரியில் திணறவிடுவது கொடுமை. அண்ணாவியாரிடம் தனியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பள்ளிக்கூடத்தில் ரீச்சர் சொல்கிறபடி செய்வோம். ஊரில் கேட்டால் குரலைப் பார்த்துக் கொடுத்தேன் என்று நானே சொல்கிறேன்" என்றார். சொன்னபடியே செய்தார். அந்த ஆண்டு அபிமன்யு, கூலிவேலைக்குப் போகும் ஒருவரின் மகனுக்குப் போனது. முணுமுணுத்தார்கள். அடுக்குப் பார்த்த அன்று அவன் பாடியதைக் கேட்ட பிறகு அது குறைந்தது. முற்றாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

மரபுக் கூத்தில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினார்கள். பல்கலைக்கழகத்திலும் பட்டணத்துப் பாடசாலைகளிலும் பெண்கள் கூத்தாடத் தொடங்கி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எங்கள் ஊருக்கு அது புதிது. எங்கள் பிள்ளைகள் பலரின் தாய்மார் மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்கிறார்கள், வளர்ப்பவர் அம்மம்மா. பெரியபிள்ளையான பேத்தியைப் பழக்கத்துக்கு அனுப்ப அவர் தயங்கியது கூத்தின் மேல் உள்ள வெறுப்பினால் அல்ல. "ரீச்சர், பிள்ளையின் தாய் கட்டாரில் இருக்கிறாள். ஊரில் ஒரு பேச்சு வந்தால் அவளுக்கு நான் என்ன சொல்வேன்?" என்று ஓர் அம்மம்மா கேட்டார். அவரிடம் பெண்ணுரிமை பற்றிப் பேசுவது அந்த இடத்தில் பொருந்தாது. பழக்கம் எத்தனை மணிக்கு முடியும், எந்தெந்தப் பிள்ளைகள் சேர்ந்து வீட்டுக்கு நடப்பார்கள் என்று எழுதி வீடு வீடாகக் கொடுத்தேன். அவரையே வந்து இருக்கச் சொன்னேன். வந்தார். அவரைப் பார்த்து மற்ற அம்மம்மாமாரும் வந்தார்கள். சிறுவயதில் விடிய விடியக் கேட்ட பாட்டுகள் அவர்களுக்கு மறந்திருக்கவில்லை. கூத்தர் பாடியதைத் திருப்பிப் பாடும் பிற்பாட்டில் பிள்ளைகள் தடுமாறிய வரிகளை இருந்த இடத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரும் வாழ்நாளில் களரி ஏறியவர் அல்லர் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் நோகிறது.

பெண்பிள்ளைகள் சேர்ந்ததும் சுருதி இடறியது. அண்ணாவியார் பாடிக்காட்டும் சுருதி அவர்களுக்கு எட்டவில்லை. பையன்களுக்கோ குரல் உடைகிற வயது. சங்கீத ஆசிரியை சுருதிப் பெட்டியோடு வந்து, பிள்ளை பிள்ளையாகக் கேட்டுக் குறித்துக் கொடுத்தார். பிற்பாட்டை இரண்டாகப் பிரித்தோம்: பெண்பிள்ளை பாடினால் பெண்பிள்ளைகள், பையன் பாடினால் பையன்கள். பிற்பாட்டு ஒரே குரலாக எழ வேண்டும் என்பது அண்ணாவியாரின் கட்சி. இன்றும் அதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் முறைக்கு மத்தளம் அடிக்க மறுத்ததும் இல்லை.

பாடசாலைகளுக்கிடையே நடக்கும் தமிழ்த் தினப் போட்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று அது மேலே போகும். கூத்துக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்; பங்குபற்றுவோர் தொகைக்கும் வரம்பு உண்டு. கூத்தைச் சுருக்குவது புதிதல்ல. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைக் கொண்டு மாணவர்களைப் பழக்கி, இரவு முழுவதும் நடக்கும் கூத்தைச் சுருக்கி, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அப்போது ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி அந்த வழியை வளர்த்தார். கூத்து அதன் ஊரிலேயே, ஊரவரோடு பேசி மீளுருவாக்கப்பட வேண்டும் என்று சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் சீலாமுனையில் வேலை செய்தார்கள். இரண்டு வழியையும் பற்றி மட்டக்களப்பில் நிறைய விவாதித்திருக்கிறார்கள். பாடசாலை ஆசிரியராக என் முடிவு இது: பிள்ளை முதலில் வட்டத்தில் பழக வேண்டும்.

காரணம் உண்டு. வட்டக்களரியில் அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரித் தாளமும் பிற்பாட்டுக்காரரும் நடுவில் நிற்பார்கள். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவார்; சனம் நாலு பக்கமும் இருக்கும். அங்கே முன்பக்கம், பின்பக்கம் என்று இல்லை. முதுகும் தோளும் திரும்புகிற விதமும் எல்லாம் யாரோ ஒருவர் கண்ணில் படும். அப்படிப் பழகிய பிள்ளையை மேடைக்குக் கொண்டுபோய் இந்தப் பக்கம் பார்த்து ஆடு என்றால் ஒரு கிழமையில் பிடித்துக்கொள்ளும். நடுவரின் மேசையைப் பார்த்தே பழகிய பிள்ளையை வட்டத்தில் விட்டால் திசை தெரியாமல் நிற்கும். ஆகவே போட்டிக்கென்று தனிக்கூத்து பழக்குவதில்லை என்று வைத்துக்கொண்டோம். அரங்கேற்றத்துக்காகப் பழகும் கூத்திலிருந்தே ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போவோம். சில ஆண்டுகள் வலயத்தைத் தாண்டினோம், சில ஆண்டுகள் கோட்டத்திலேயே நின்றோம். போட்டிக்குப் போக முடியாத பிள்ளைகளே எப்போதும் அதிகம். அவர்கள் எல்லோருக்கும் ஊர்க்களரியில் இடம் இருந்தது.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூடுபோல் விரிந்து நிற்கும் வடமோடி அரசனின் கரப்புடுப்பு பிள்ளைகளுக்குப் பாரம். பழைய சேலைகளைக் கொண்டு இலேசாகத் தைத்தோம், கிரீடங்களைச் சித்திர வகுப்பில் செய்தார்கள்.

2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் வாரக்கணக்கில் மூடப்பட்டன. எழுவான்கரையிலிருந்து வருகிற எங்களுக்கு வழியில்லை. பிள்ளைகளுக்கு பஸ் தேவைப்படவில்லை. அண்ணாவியாரின் முற்றத்தில் பழக்கம் நடந்துகொண்டே இருந்தது. நான் திரும்பி வந்தபோது தரம் ஒன்பது மாணவி ஒருத்தி தரம் ஆறு பிள்ளைகளுக்குத் தாளக்கட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்று முதல், மூத்த மாணவர் இளையவரைப் பழக்குவதற்கென்றும் ஒரு பாடவேளை ஒதுக்கினோம்.

எனக்கு இடமாற்றம் வரக்கூடிய காலம் இது. ஆசிரியர் போனால் பாடமும் போவதைப் பல பாடசாலைகளில் பார்த்திருக்கிறேன். மத்தளத்தையும் சதங்கைகளையும் உடுப்புகளையும் பாடசாலையின் பொருட்பதிவேட்டில் ஏற்றியிருக்கிறோம். அண்ணாவியாரின் சம்மதத்தோடு கூத்துக் கொப்பியைத் தட்டச்சு செய்து நூலகத்தில் வைத்திருக்கிறோம். கடைசி இரண்டு பாடவேளைகளை மாற்றுவதில்லை என்று அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டக் குறிப்பில் எழுதியிருக்கிறோம். பழைய மாணவி ஒருத்தி சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் அண்ணாவியாரோடு நின்று பழக்குகிறாள். இப்போது தரம் பத்துப் பிள்ளைகள் மற்றப் பாணியான தென்மோடியும் பழக வேண்டும் என்கிறார்கள். எங்கள் அண்ணாவியார் வடமோடிக்காரர். தமக்குத் தெரிந்த தென்மோடி அண்ணாவியார் ஒருவர் பக்கத்து ஊரில் இருப்பதாகச் சொல்லி, தாமே போய்க் கேட்டுவந்தார். பெரும்போக அறுவடை முடியட்டும், வருகிறேன் என்று அவர் சொல்லியனுப்பியிருக்கிறார். அதற்கு ஏற்றபடி அடுத்த ஆண்டு நேரசூசியில் இப்போதே இடம் விட்டு வைத்திருக்கிறோம்.