ஈசூனிலிருந்து துவாஸ்: வேவா, எஃப்இசட்டா?

சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில் வீடு, மேற்குக் கோடியில் துவாஸில் வேலை, தினமும் பைக்கில்தான் போகிறேன். என் பழைய பைக்கின் சிஓஇ, அதாவது இங்கே வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ், முடிகிற நேரம் நெருங்கியது. புதுப்பிக்க வேண்டுமானால் கடந்த மூன்று மாத ஏலத்தின் சராசரி விலையைக் கட்ட வேண்டும். அவ்வளவு கொட்டிக் கொடுக்க அந்த இஞ்சினில் ஒன்றும் மிச்சமில்லை. என்னிடம் இருப்பது 2பி உரிமம், 200 சிசிக்குள்தான் ஓட்டலாம். தேடித் தேடிக் கடைசியில் நின்றவை இரண்டு: ஹோண்டா வேவ் 125, யமஹா எஃப்இசட்16. இரண்டுமே பழைய வண்டிகள்.

வேவ் 3,900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), எஃப்இசட் 5,500 வெள்ளி. வேவ்தான் என்று மனசுக்குள் முடிவே பண்ணிவிட்டேன். எங்கள் தொழிற்சாலையில் ஓர் அண்ணன், மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் கடற்பாலம் தாண்டி பைக்கில் வருபவர். அவர்தான் தடுத்தார். “வெலைய விடு தங்கச்சி. சிஓஇ எத்தன மாசம் இருக்கு, அத சொல்லு மொதல்ல.”

வேவுக்கு 30 மாதம், எஃப்இசட்டுக்கு 50. வகுத்துப் பார்த்தால் வேவுக்கு மாதம் 130 வெள்ளி, எஃப்இசட்டுக்கு 110. மலிவு என்று நினைத்ததுதான் விலை அதிகம்! 2022 நவம்பரில் மோட்டார்சைக்கிள் சிஓஇ 13,000 வெள்ளியைத் தாண்டியபோதே இது எனக்கு உறைத்திருக்க வேண்டும். வண்டியைவிட அந்தச் சான்றிதழுக்குத்தான் நாம் அதிகம் கொடுக்கிறோம்.

ஆனாலும் வேவை விட மனசில்லை. எடை குறைவு, கிளட்ச் கிடையாது, நெரிசலில் இடது கைக்கு வேலையே இல்லை. எஃப்இசட் 137 கிலோ, சீட் உயரம் 790 மில்லிமீட்டர். நான் ஐந்தடி ஓரங்குலம். உட்கார்ந்தால் கால்விரல் நுனிதான் தரையில் படும்.

முடிவு சாலையில்தான் கிடைத்தது. என் பெயர் காப்புறுதியில் இல்லாத வண்டியை விரைவுச்சாலைக்குக் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை. அதனால் வேலை விட்டு வரும்போது ஒரு நாள் வேவ் வைத்திருக்கும் தோழியின் பின்னாலும், மறுநாள் எஃப்இசட் வைத்திருக்கும் சக ஊழியரின் பின்னாலும் உட்கார்ந்து வந்தேன். இரண்டு நாளும் தீவு விரைவுச்சாலையில் கொள்கலன் லாரி ஒன்று எங்களைத் தாண்டியது. முதலில் காற்று வெளியே தள்ளியது, அடுத்த நொடியே லாரி பக்கம் இழுத்தது. வேவ் நன்றாகவே அலைந்தது. தோழியின் தோள் இறுகியதை என் கையில் உணர்ந்தேன். எஃப்இசட்டும் அசைந்தது, ஆனால் அந்த 140 மில்லிமீட்டர் அகலப் பின் டயர் தடத்தை விடவில்லை. ஈசூனுக்குள்ளேயே வேலை என்றால் இன்றைக்கும் வேவைத்தான் எடுப்பேன். தினமும் விடியுமுன் லாரிகளுக்கு நடுவே துவாஸ் போகிறவளுக்கு அது போதாது.

முதலில் பார்த்த எஃப்இசட்டை வாங்கவில்லை. “ஒரு குறையும் இல்லை” என்றார் விற்க வந்தவர். முன் ஃபோர்க் குழாயை டிஷ்யூவால் ஒரு சுற்று துடைத்தேன். கறுப்பாக எண்ணெய் வளையம் அப்படியே பதிந்து வந்தது. எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் போயிருக்கிறது. தெரியாமல் சொன்னாரோ என்னவோ, எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு வாரம் கழித்து ஏறக்குறைய அதே விலைக்கு, அதே அளவு சிஓஇயோடு இன்னொன்று கிடைத்தது. மூன்று வயது தாண்டிய பைக்குக்கு வருடாந்திரச் சோதனை கட்டாயம் என்பதால் அந்தத் தாள்களையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

பெயர் மாற்றம் சுலபம். காப்புறுதியை மட்டும் முன்கூட்டியே என் பெயரில் எடுத்து வைத்தேன். அது இல்லாமல் மாற்ற முடியாது. புளோக்கின் கீழ்த்தளத்துக் கல் மேசையில் உட்கார்ந்து, இருவரும் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்கணக்கில் நுழைந்து அங்கேயே முடித்துக்கொண்டோம்.

பிறகு பட்டறையில் கொடுத்து சீட் பஞ்சைக் கொஞ்சம் செதுக்கச் சொன்னேன். நெரிசலில் இடது மணிக்கட்டு வலிக்கத்தான் செய்கிறது. சிக்னலில் நிற்கும்போது இப்போது இரண்டு கால்களின் முன்பாதமும் தரையில் பதிகிறது.