மழையில் இழைத்த கதவு

ஐப்பசி அடைமழை பிடித்த மூன்றாம் நாள், எங்கள் சமையலறைக் கதவு மூட மாட்டேன் என்று அடம் பிடித்தது. மன்னார்குடிப் பக்கம் பழைய வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கிற கதைதான். ஓர் உதை விட்டுத் தை மாதம் வரை ஓட்டிவிடுவார்கள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. மாட்டை விற்ற பிறகு காலியாகக் கிடந்த கொட்டகையில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறை என்பது நான் வைத்த பெயர். அம்மாவுக்கு அது இன்னும் மாட்டுக்கொட்டகைதான்.

கதவைக் கழற்றிப் போட்டு இழைப்புளியைத் தள்ளினேன். வேப்பமரம் சுருள் சுருளாக வந்தது. போதும் என்று மூளை சொன்னாலும் கை நிற்காத சுகம் அது. திரும்ப மாட்டியதும் சுண்டுவிரலால் தள்ளினாலே மூடிக்கொண்டது. “பரவால்லயே” என்றாள் மனைவி. கல்யாணமாகி இந்தப் பதினைந்து வருஷத்தில் இது இரண்டாவது தடவை.

பங்குனி வந்தது. எந்தச் சுண்டுவிரலால் தள்ளினேனோ, அதே விரல் இப்போது கதவுக்கும் நிலைக்கும் நடுவே போய் வந்தது. தாழ்ப்பாள் நிலைக்கு எட்டவில்லை. எதிர்வீட்டுப் பூனை தலையால் முட்டித் திறந்து, காய்ச்சி வைத்த பாலை முடித்துவிட்டது.

ஆசாரியை அழைத்து வந்தேன். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறவர். இடுக்கில் விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தார்.

“மரம் அகலத்துலதான் தம்பி ஊதும், நீளத்துல அவ்வளவா ஊதாது. மழையில இழைச்சீங்க, வெயில்ல இளைச்சிடுச்சு.”

அதோடு விட்டிருந்தால் தேவலை. கதவின் அடியில் கால் கட்டைவிரலைக் கொடுத்து லேசாகத் தூக்கினார். மேல் கீல் ஆடியது. திருகாணித் துளைகள் தேய்ந்து, கதவே தொங்கிப்போய்த்தான் நிலையில் உரசியிருக்கிறது. நிலையில் சாக்பீஸ் தேய்த்து ஒரு தடவை மூடித் திறந்தால், உரசும் இடம் மட்டும் கதவில் வெள்ளையாகத் தெரியுமாம். முதலில் அதைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் இழைப்புளி. நான் இழைப்புளியில் ஆரம்பித்தவன்.

துளையில் ஃபெவிகால் தடவித் தீக்குச்சிகளைத் திணித்து, காய்ந்ததும் திருகாணியை முடுக்கச் சொன்னார். நான் திணித்தது மெழுகுத் தீக்குச்சி. அது எங்கே பிடிக்கும்? மறுபடி நோண்டி எடுத்து, மரக்குச்சி வாங்கி வந்து அடைத்தேன்.

இழைத்த பக்கத்துக்கு ஒட்டுப்பட்டை போட வேண்டும். 2018 கஜா புயலில் விழுந்த எங்கள் பலா மரத்தை அப்போதே அறுத்து வைத்திருந்தேன். முனைகள்தான் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும் என்று, பலகையின் இரண்டு முனையிலும் பெயிண்ட் அடித்து, நடுநடுவே குச்சி வைத்து நிழலில் அடுக்கச் சொன்னவரும் இவர்தான். தங்கம் மாதிரி மஞ்சள் பட்டை ஒன்று கிடைத்தது. ஆணியின் கூர் முனையில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி மொண்ணையாக்கி அடித்தேன். கூராக இருந்தால் மரத்தைப் பிளக்கும், மொண்ணையானால் நாரை நசுக்கிக்கொண்டு இறங்கும். பட்டை பிளக்கவில்லை. இரண்டு ஒரு ரூபாய்க் காசு நுழைகிற இடைவெளி விடு, மழைக்கு அது சரியாகிவிடும் என்றார், விட்டேன்.

கடைசி ஆணியில் சுத்தியல் வழுக்கிப் பட்டையில் ஒரு பள்ளம். இதற்கு எனக்கே வைத்தியம் தெரியும். ஈரத்துணியைப் போட்டு மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்தால், நசுங்கிய நார் ஆவி குடித்து எழும்பிவிடும். எழும்பவும் செய்தது! கையில் அகப்பட்ட துணி பொங்கலுக்கு எடுத்த வேட்டி என்பதையும், பலா மரத்தைக் கொதிக்க வைத்துச் சாயம் எடுக்கிறவர்கள் உண்டு என்பதையும் அப்புறம்தான் யோசித்தேன். வேட்டி முனையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். சோப்புப் போட்டதும் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

“முழுசா மஞ்சள்ல முக்கிடு, ஒரே மாதிரி ஆயிடும்” என்றார் அம்மா. முக்கினேன்.

மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனால், பெஞ்சில் இருந்த பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். “வலங்கைமான் பாடைக்காவடிக்கு வேண்டுதலா தம்பி? உடம்புக்கு என்ன பண்ணுச்சு?”

நோயிலிருந்து பிழைத்தவர்கள் பாடையில் படுத்து மாரியம்மனுக்குச் செலுத்துகிற நேர்த்திக்கடன் அது. ஆமாம் என்று தலையாட்டினேன். கதவை இழைத்தேன் என்று சொல்வதற்கு இது கௌரவமாகத்தான் பட்டது.